அட்டை காட்டும் வகுப்பு

வாக்கெடுப்பின் வரலாறு என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளே நம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. அவை கூறும் குடவோலை முறையில், தகுதியுடையோரின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அது திருவுளச் சீட்டேயன்றிக் கருத்தறியும் முறையன்று. வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் என்ன எண்ணுகிறார் என்பதை அக்கணமே அறியும் கருவிகள் 1960களில்தான் அமெரிக்கக் கல்லூரிகளில் தோன்றின.

1966இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அத்தகைய கருவி நிறுவப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிட்டாவர் குறைந்த செலவில் ஒன்றை அமைத்து, 1972இல் அதைப் பற்றி எழுதினார். மாணவர்களுக்கு இக்கருவிகள் பிடித்திருந்தன. ஆனால், அக்கால ஆய்வுகளில் கற்றலில் குறிப்பிடத்தக்க உயர்வு தென்படவில்லை. விடையை அழுத்திவிட்டு மாணவர் பழையபடி வாய்மூடி அமர்ந்திருந்ததே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

1985இல் ஹலூன், ஹெஸ்டனீஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், கணக்குகளைச் சரியாகப் போடும் மாணவரிடமும் விசை பற்றிய தவறான எண்ணங்கள் அப்படியே தங்கிவிடுகின்றன எனக் காட்டினர். இதைப் படித்த ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர், தம் மாணவர்களைச் சோதித்துப் பார்த்துத் திடுக்கிட்டார். 1991 முதல் பாடத்தின் நடுவே வினா எழுப்பி வாக்கெடுக்கலானார். வாக்களித்தபின் மாணவர் பக்கத்திலிருப்பவருடன் வாதாட வேண்டும். பிறகு மீண்டும் வாக்கு. முதல் வாக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் முதல் 70 விழுக்காட்டினர் வரை சரியாகச் சொல்லியிருந்தால் வாதம் நன்கு பயன் தருகிறது. அதற்கும் குறைந்தால் எடுத்துச் சொல்ல ஆளிராது. மிகுந்தால் பேச விஷயமிராது.

நம் சிவகாசிக்கேற்ற வினா ஒன்றைக் காண்போம். குழாயிலிருந்து செங்குத்தாகக் கிளம்பிய வானவெடி ஒன்று வெடிக்காமல் போகிறது. அது உச்சியை அடையும் கணத்தில் அதன்மீதுள்ள நிகர விசை எத்திசையில் இருக்கும்? மேல்நோக்கியா, கீழ்நோக்கியா, அல்லது விசையே இராதா? நாள்தோறும் வெடியோடு பழகும் குடும்பத்துப் பிள்ளைகளும் ‘விசை இராது’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கணத்தில் பூஜ்யமாவது திசைவேகம் மட்டுமே; புவியீர்ப்பு ஓய்வதில்லை. விசை இல்லையெனில் வெடி உச்சியிலேயே நின்றுவிட வேண்டுமே! இந்த வாதத்தை ஆசிரியர் சொல்வதைவிட, பக்கத்து மாணவன் சொன்னால் எளிதில் உறைக்கிறது.

கையுயர்த்தச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. முதல் மதிப்பெண் வாங்குபவரின் கை எழும்வரை மற்றவர் காத்திருப்பர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவரோ கையைத் தூக்கவே தயங்குவார். அமெரிக்காவில் டேவிட் மெல்ட்சரும் கந்தையா மணிவண்ணனும் (பெயர் நமக்கு அந்நியமாக இராது!) எழுத்துகள் பொறித்த அட்டைகளை மாணவர்களுக்குக் கொடுத்துப் பாடம் நடத்தினர். 2002இல் அம்முறையை விரிவாக வெளியிட்டனர். மின்னணுக் கருவிக்கும் அட்டைக்கும் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று கனடாவைச் சேர்ந்த லாஸ்ரி 2008இல் கண்டறிந்தார்.

கருவி வாங்கப் பணமில்லாத நம் கல்லூரிகளுக்கு இது நல்ல செய்தி. சிவகாசி அச்சகங்களில் வெட்டியெறியும் வண்ண அட்டைத் துண்டுகளே போதும். ஆளுக்கு நான்கு நிறம். ஒரு நிறத்துக்கு ஒரு விடை. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் அட்டையை மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆசிரியருக்கு நிறம் தெரியும், பின்வரிசைக்குத் தெரியாது.