முன்பள்ளி விளையாட்டுச் சூழல் (வன்னி)

இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் தரம் ஒன்றுக்கு முந்திய வயதுப் பிள்ளைகள், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதினர், ஆடிப்பாடிக் கற்பதற்கென அமைக்கப்படும் உள்ளக, வெளியக இடங்கள்.

2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்தபோது வன்னி மக்கள் பெருந்தொகையாகச் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தனர். அது 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீள்குடியேறிய ஊர்களில் வளவைத் துப்புரவாக்குவதற்கு முன் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்தது. ஆகவே இங்கு வெளிவிளையாட்டின் முதல் தேவை ஊஞ்சலன்று, பயமின்றிக் கால்வைக்கும் நிலம். இனந்தெரியாத பொருளைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில் அடங்கும்.

அடுத்தது நிழல். வறண்ட வலயத்தின் நண்பகல் வெயிலில் இரும்புச் சறுக்கு தொட முடியாதபடி சுடும். வேம்பு, மாமர நிழலில் ஒரு மணற்குழி, ஒரு வாளித் தண்ணீர், சிரட்டைகள் இருந்தால் அளத்தல், ஊற்றுதல், கட்டுதல் எல்லாம் நடக்கும். குரும்பட்டித் தேர், பனையோலைக் காற்றாடி ஆகியன செலவில்லாதவை. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் விளையாட்டு உள்ளே நகரும்: பாய், கட்டைகள், பாவனைச் சமையல் மூலை, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் தட்டுகள்.

நடத்துவோர் யார் என்பதும் இச்சூழலின் பகுதியே. முன்பள்ளிக் கல்வி மாகாணசபைக்குரிய விடயம். எனினும் போருக்குப்பின் கிளிநொச்சி, முல்லைத்தீவில் சில முன்பள்ளிகளைப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நடத்தியது சர்ச்சைக்குள்ளானது. பாதுகாப்புத் துறை நடத்துமிடம் சிறுபிள்ளைகளின் விளையாட்டுக்கு ஏற்ற சூழலாகாது.