கஞ்சிக்கு ஒரு வாக்கு

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்தான உணவு தருவது அரசின் பொறுப்பு என்ற எண்ணம் எப்படி வந்தது என்று தேடினால், சட்டங்களின் பெயர்களும் தலைவர்களின் பெயர்களும் கிடைக்கின்றன. தலைவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். இங்கிலாந்தின் கதையையும் அப்படித்தான் சொல்கிறார்கள்: 1906இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பெண்கள் வரலாற்றைக் கற்பிக்கும் எனக்கு அந்தச் சட்டத்துக்கு முந்தைய 36 ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க உரிமையில்லாத பெண்கள், பள்ளி வாரியம் என்ற சின்னக் கதவு வழியாக அரசியலுக்குள் நுழைந்த காலம் அது.

1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், தேர்தல் மூலம் பள்ளி வாரியங்களை அமைக்க வழிசெய்தது. உள்ளூர் வரி கட்டும் பெண்கள் அவற்றுக்கு வாக்களிக்கலாம். பெண்கள் வேட்பாளராகவும் நிற்கலாம். அந்த ஆண்டே மருத்துவர் எலிசபெத் காரெட்டும், பெண்களின் உயர்கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸும் லண்டன் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். குழந்தைகள் சமாச்சாரம்தானே, பெண்களும் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற அலட்சியமும் இந்தத் தாராளத்தில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால், 1880இல் பள்ளி வருகை கட்டாயமான பிறகு, அந்தச் சமாச்சாரம் லேசானதாக இல்லை. அதுவரை சந்துகளுக்குள்ளும் ஆலைகளுக்குள்ளும் மறைந்திருந்த பசி, வகுப்பறைப் பெஞ்சில் வரிசையாக வந்து உட்கார்ந்தது.

நமக்கு அடையாற்றின் வழியாகவும் ஹோம் ரூல் இயக்கத்தின் வழியாகவும் தெரிந்த அன்னி பெசன்ட், சென்னைக்கு வருவதற்கு முன் இந்தப் போராட்டத்தில் இருந்தவர். கருத்தடை பற்றிய ஒரு சிறுநூலை வெளியிட்டதற்காக 1877இல் அவர்மேல் வழக்கு நடந்தது. மறு ஆண்டு, நாத்திகரான இவர் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று சொல்லி, மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்துக் கணவரிடம் ஒப்படைத்தது. 1888இல் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டு நவம்பரில், கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி மக்கள் அவரைப் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிள்ளைக்குத் தாயாக இருக்கத் தகுதியில்லை என்று நீதிமன்றம் சொன்ன பெண்ணை, பல்லாயிரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மக்கள் அனுப்பிவைத்தார்கள். வாரியத்தில் அவர் வலியுறுத்தியவற்றுள் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் ஒன்று.

ஆனால், சாப்பாட்டுக்குச் செலவழிக்க வாரியங்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. தர்மச் சங்கங்கள் சூப்பும் ரொட்டியும் கொடுத்தன. நன்கொடை வந்தால் சாப்பாடு, வராவிட்டால் இல்லை. பள்ளியே உணவு கொடுத்தால் பெற்றோரின் பொறுப்புணர்வு கெட்டுவிடும் என்ற எதிர்ப்பும் பலமாக இருந்தது. அதை அழுத்தமாகச் சொன்னவர்களில் ஹெலன் போசன்கெட் என்ற பெண்ணும் ஒருவர். பெண்கள் எல்லோரும் ஒரே அணியில் இருந்ததாக எழுதினால் அது வரலாறு ஆகாது.

வடக்கே, கம்பளி ஆலைகளின் நகரமான பிராட்போர்டில் 1894இல் மார்கரெட் மக்மில்லன் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆலையில் பாதி நாள், பள்ளியில் பாதி நாள் என்று வாழ்ந்த குழந்தைகள் அங்கே இருந்தார்கள். உடலை மறந்துவிட்டு மூளைக்கு மட்டும் பாடம் நடத்த முடியாது என்பது மக்மில்லனின் வாதம். அதற்காக மருத்துவப் பரிசோதனை, பள்ளிக்குள் குளியலறை, உணவு ஆகிய மூன்றுக்கும் வாரியத்துக்குள் வாதாடினார்.

1902இல் வந்த புதிய கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களையே ஒழித்து, கல்வியை நகர, மாவட்ட மன்றங்களிடம் கொடுத்தது. அந்த மன்றங்களுக்குப் பெண்கள் போட்டியிட முடியாது. கல்விக் குழுக்களில் நியமன உறுப்பினராக மட்டும் இருக்கலாம். தேர்தலில் நிற்கும் உரிமை 1907இல்தான் கிடைத்தது. பள்ளி உணவுச் சட்டம் எழுதப்பட்டது இந்த இடைவெளியில்தான் என்பதை என் மாணவிகளிடம் தவறாமல் சொல்கிறேன்.

சட்டத்துக்கு உடனடிக் காரணம் போர். போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, உடல் தகுதியில்லை என்று ஏராளமான இளைஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1904இல் அதை ஆராய்ந்த அரசுக் குழு பள்ளி உணவைப் பரிந்துரைத்தது. கூடவே தாய்மார்களின் அறியாமையையும் குறை சொல்லி, பெண் பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு வேண்டும் என்றது. சிப்பாய்க்குத் தெம்பில்லை என்றாலும் பழி அம்மாவின் தலையில்தான் விழுந்தது.

1906ஆம் ஆண்டுச் சட்டம், மன்றங்கள் பவுண்டுக்கு அரை பென்னி வரையிலான உள்ளூர் வரியை உணவுக்குச் செலவிடலாம் என்றது. ‘லாம்’ என்ற அந்த விகுதியைக் கவனியுங்கள். விரும்பாத ஊர் சும்மா இருந்துகொள்ளலாம். பல ஊர்கள் சும்மாதான் இருந்தன. இன்னொரு விதியும் அதில் இருந்தது. ஏழை நிவாரணம் வாங்கும் ஆண் அன்று வாக்குரிமையை இழப்பான். பள்ளி உணவுக்குக் காசு கட்ட முடியாத தகப்பனுக்கு அந்தத் தண்டனை கிடையாது என்றது இந்தச் சட்டம். நல்ல விதிதான். ஆனால், அந்தப் பிள்ளையின் தாய்க்கு இழப்பதற்குக்கூட ஒரு வாக்கு இருக்கவில்லை.

மக்மில்லன் விட்டுச்சென்ற பிராட்போர்டு சும்மா இருக்கவில்லை. 1907இல் பள்ளி மருத்துவர் ரால்ஃப் க்ரோலியும், மனையியல் பாடக் கண்காணிப்பாளர் மேரியன் கஃப்பும் 40 ஏழைப் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் காலையும் மதியமும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் பால் சேர்த்த ஓட்ஸ் கஞ்சி. மேசையில் துணி விரித்துப் பூ வைத்தார்கள். பரிமாறியவர்கள் மூத்த சிறுமிகள். அந்த வேலை எப்போதும்போல் பெண் பிள்ளைகளுக்கே வந்தது. வாரந்தோறும் எடை பார்த்தார்கள். உணவு பெற்ற பிள்ளைகளின் எடை, பெறாதவர்களைவிட வேகமாக ஏறியது. நடுவில் வந்த திருவிழா விடுமுறையில் பள்ளி உணவு நின்றது, எடையும் இறங்கியது. பல ஆண்டு வாதம் செய்யாததை அந்த வரைபடம் செய்தது.

அதே கஞ்சியை அம்மாக்கள் ஏன் வீட்டில் காய்ச்சவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் ஃபேபியன் சங்கப் பெண்களிடமிருந்து வந்தது. அவர்கள் 1909 முதல் லண்டனின் லாம்பெத் பகுதியில் வீடு வீடாகச் சென்று வரவு செலவைக் குறித்தார்கள். மாட் பெம்பர் ரீவ்ஸ் அதை 1913இல் புத்தகமாக்கினார். கஞ்சி காய்ச்சச் சொல்லி வீட்டுக்கு வந்த சீமாட்டிகள் அறிவுரை சொன்னார்கள். ஆனால், பால் வாங்கக் காசில்லை. பாலில்லாத கஞ்சியைப் பிள்ளைகள் தொடவில்லை. இருக்கும் ஒரே பழைய பாத்திரத்தில் அது அடிப்பிடித்தது. அந்தப் பெண்களுக்கு இல்லாமல் போனது அறிவல்ல, பால், பாத்திரம், விறகு. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டதுபோக மிஞ்சியதுதான் அவர்களுடைய பங்கு.

‘லாம்’ முழுமையாக ‘வேண்டும்’ ஆக மாறியது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில். அதற்குள் பெண்கள் வாக்குரிமை பெற்றிருந்தார்கள், நாடாளுமன்றத்திலும் அமர்ந்திருந்தார்கள். அதன் பிறகும் கதை முடியவில்லை. 1980இல் வந்த சட்டம் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தி, உணவுக்கான ஊட்டச்சத்துத் தரங்களையும் நீக்கியது. அப்போது பிரதமர் மார்கரெட் தாட்சர். நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்தாலே போதும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெசன்ட்டும் மக்மில்லனும் அங்கே உட்கார்ந்தது பசித்த பிள்ளைகளின் வீடுகள் இருந்த தெருக்களுக்காக.

எந்த ஊரின் பள்ளி உணவுக் கொள்கை கையில் கிடைத்தாலும் நான் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் பார்க்கிறேன். வினைச்சொல் ‘லாம்’ என்று முடிகிறதா, ‘வேண்டும்’ என்று முடிகிறதா? அதை எழுதிய மேசையில், வீட்டில் அந்தக் கஞ்சியைக் காய்ச்ச முடியாத பெண்களுக்கு ஒரு நாற்காலி இருந்ததா? உணவுப் பட்டியலை அதன் பிறகு படிக்கலாம்.