விக்காவின் ஊசியும் எங்கள் வீட்டு வாசலும்

எங்கள் வீட்டு வாசற்படியிலிருந்து தெருக் கேட் வரைக்கும் 24 அடி. லாஸ்பேட்டைச் செம்மண். வெயில் காலத்தில் புழுதி, ஐப்பசி பிறந்தால் சேறு. முப்பது வருடமாக அப்படியேதான் கிடந்தது. போன அடைமழையில் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கேட்டைத் தாண்டிய இடத்தில் என் மனைவி வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த அன்றே, "என்னங்க, அடுத்த மழைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். அந்த வேலை நடந்த கதையையும், அதற்கு இருநூறு வருடம் முன்னால் பிரான்சில் ஒரு ஆற்றங்கரையில் நடந்த கதையையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. கான்கிரீட் போட்ட மறுநாள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, "காஞ்சிடுச்சா?" என்பதுதான். நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் சிமெண்ட் காய்வதில்லை. துணி காய்கிறது, வடகம் காய்கிறது. அவற்றிலிருந்து தண்ணீர் போய்விடுகிறது. சிமெண்டோ தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கல்லாகிறது. தண்ணீருக்கு அடியிலேயே இறுகும். நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'ப்ரீஸ்' என்பார்கள். பிடித்துக்கொள்ளுதல் என்று பொருள். எங்கள் மேஸ்திரியும் "பிடிச்சிடுச்சு" என்றுதான் சொன்னார். படித்தவர்கள்தான் காய்ந்ததா என்று கேட்கிறோம்.

இந்தப் பிடிப்பு ஏன் வருகிறது என்று கண்டு சொன்னவர் லூயி விக்கா. எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் சிவில் இன்ஜினீயர். அவனுக்கு அவர் 'விகாட்'. கல்லூரிச் சோதனைக் கூடத்தில் 'விகாட் அப்பாரட்டஸ்' என்ற கருவியில் ஊசி இறக்கிப் பார்த்திருக்கிறானாம். அது ஏதோ ஆங்கிலச் சுருக்கெழுத்து என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். கடைசி எழுத்து பிரெஞ்சில் ஒலிக்காதப்பா, அவர் ஒரு மனுஷன் என்றேன். பையன் சிரித்துவிட்டான்.

விக்கா 1786-ல் நெவேர் என்ற ஊரில் பிறந்தவர். பாலமும் சாலையும் போடும் அரசு இன்ஜினீயர் வேலை. 1812-ல், இருபத்தாறு வயதில், தோர்தோஞ் ஆற்றின் குறுக்கே சுய்யாக் என்ற ஊரில் ஒரு பாலம் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆறோ வேகமான ஆறு. நெப்போலியனின் போர்களில் கஜானா வற்றிக்கிடந்த காலம். வேலைக்குப் பணம் வராமல் வருடங்கள் இழுத்தன. நான் குமாஸ்தாவாக இருந்தவன். நிதி ஒதுக்கீடு வராத கோப்பு எப்படித் தூங்கும் என்று எனக்குத் தெரியும். விக்கா தூங்கவில்லை. அந்த வருடங்களில் விதவிதமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, குழைத்து, தண்ணீரில் போட்டு, எது எத்தனை நாளில் இறுகுகிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அவர் தேடியதன் அருமை புரிய நம் பழைய சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்ற சுண்ணாம்பில்தான் புதுச்சேரியின் பழைய வீடுகள் எல்லாம் நிற்கின்றன. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு, செக்கில் அரைத்து, பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவார்கள். என் சிறுவயதில் அப்படி ஒரு சுவரில் கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் சில்லென்று இருக்கும். ஆனால் வெறும் சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் இறுகும். அதற்கு மாதக்கணக்கு, உள்ளே ஆழமாக இருந்தால் வருடக்கணக்கு. ஆற்றுக்குள் பாலத்தின் கால் நிற்கிற இடத்தில் காற்று ஏது? அது கரைந்து போய்விடும்.

தண்ணீரில் இறுகும் சுண்ணாம்பு அங்கங்கே இருக்கத்தான் செய்தது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பல் கலந்தார்கள். நம் கொத்தனார்கள் செங்கல் பொடியைக் கலந்தார்கள். சுர்க்கி என்பது அதுதான். இங்கிலாந்தில் ஸ்மீட்டன் என்பவர் 1750-களில் கடலுக்குள் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டும்போது, களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்தான் தண்ணீரைத் தாங்குகிறது என்று கவனித்தார். ஆனால் அந்தக் கல் கிடைக்கிற ஊரில்தானே அது நடக்கும்? விக்கா செய்தது அடுத்த படி. களிமண்தான் காரணம் என்றால், சாதாரணச் சுண்ணாம்போடு களிமண்ணை அளந்து கலந்து, சேர்த்துச் சுட்டால் எந்த ஊரிலும் அதை உண்டாக்கலாம் அல்லவா? உண்டாக்கிக் காட்டினார். 1818-ல் அளவு முறைகளோடு எல்லாவற்றையும் நூலாகப் போட்டுவிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை. ஆறு வருடம் கழித்து, 1824-ல், இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் தன் கலவைக்குப் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்று பேர் வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு மூட்டையின் மேல் அச்சாகியிருப்பது அந்தப் பேர்தான்.

ஊசி விஷயம் எப்படி வந்தது என்றால், 'இறுகிவிட்டது' என்பதை ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி சொன்னார்கள். விரலால் அழுத்திப் பார்ப்பார் ஒருவர், நகத்தால் கீறுவார் இன்னொருவர். விக்கா சாதாரணப் பின்னல் ஊசி ஒன்றை எடுத்து முனையைத் தட்டையாக அராவி, மேலே 300 கிராம் எடை ஏற்றினார். ஊசி உள்ளே இறங்காமல் நின்றால் இறுகியது என்று அர்த்தம். இன்றும் நம் நாட்டுத் தர விதியில் அதே 300 கிராம்தான். 40 மில்லிமீட்டர் உயர அச்சில் சிமெண்டுக் குழைவை நிரப்பி ஊசியை விடுவார்கள். அடியிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் மேலேயே ஊசி நின்றுவிட்டால் பிடிப்பு தொடங்கிவிட்டது. அது தண்ணீர் கலந்து 30 நிமிடத்துக்கு முன்னால் நடக்கக் கூடாது. கடைசிப் பிடிப்பு 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1828-ல் விக்கா விரித்து எழுதிய நூலை 1837-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தன் குறிப்புகளையும் சேர்த்து லண்டனில் வெளியிட்டவர் கேப்டன் ஜே.டி. ஸ்மித். மெட்ராஸ் என்ஜினீயர்ஸ் என்ற கம்பெனிப் படைப் பிரிவுக்காரர். இன்று சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் உயரமான ஒற்றைத் தூண் ஒன்று நிற்கிறதே, 1844-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், அதுவும் அவர் வேலைதான். வழக்கு வாய்தாவுக்கு அங்கே போய்க் காத்திருக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

சிமெண்டைத் தரையில் போட்டு வண்டி ஓட்டலாம் என்பது அதற்கும் ரொம்பப் பிந்திய யோசனை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து பெல்ஃபோன்டெய்ன் என்ற சின்ன ஊரில் 1891-ல் ஜார்ஜ் பார்தொலொமியு என்பவர் கோர்ட்டுப் பக்கத்துத் தெருவில் எட்டடி அகலத்துக்குக் கான்கிரீட் போட்டார். குதிரை கட்டும் இடம் அது. லாடம் கட்டிய கால்களுக்கு இது தாங்குமா என்று ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம். ஐந்து வருடத்துக்கு நானே பொறுப்பு என்று பணம் கட்டி எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்களாம். அடுத்து அவர் போட்ட கோர்ட் அவென்யூவில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. நம் புதுச்சேரியில் கான்கிரீட்டின் அழகைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைத் தெருவில் நின்றாவது பார்க்கலாம். அன்தோனின் ரேமண்ட் வரைந்தது, 1930-களின் கடைசியில் தொடங்கியது. பூச்சே இல்லாத வெறும் கான்கிரீட்.

இனி எங்கள் வாசல். 24 அடி நீளம், 10 அடி அகலம், 5 அங்குலக் கனம்: சரியாக 100 கன அடி. 23 மூட்டை சிமெண்ட் என்று கணக்கு வந்தது. பதிக்கும் கல் போட்டால் செலவு குறையும், தண்ணீரும் கொஞ்சம் இறங்கும் என்றார்கள். கல்லுக்குக் கல் மேடு பள்ளமானால் மறுபடி இவள் கால் இடறுமே என்று அதை விட்டேன். கிராவல் கொட்டி இடித்து, 8 மில்லி கம்பி கட்டி, மூன்று எட்டடிக் கட்டமாகப் பிரித்துப் போடுவதாக ஏற்பாடு. கான்கிரீட் சுருங்கும்போது எங்காவது விரியத்தான் வேண்டும். நாம் சொன்ன கோட்டில் விரியட்டும் என்பதற்குத்தான் அந்தப் பிரிவு. வாட்டத்தைத் தெருப் பக்கம் விடாமல், தென்னை இருக்கும் பக்கமாக இரண்டரை அங்குலம் சரித்தோம். மழைத் தண்ணீர் எங்கள் மண்ணிலேயே இறங்கட்டும் என்பது என் பிடிவாதம்.

ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். 1918-ல் சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஆயிரக்கணக்கான சோதனை செய்து கண்டது இது: சிமெண்டுக்குத் தண்ணீர் எத்தனை பங்கு என்பதே பலத்தைத் தீர்மானிக்கிறது. கூடுதல் தண்ணீர் வேலைக்கு இளக்கம் கொடுக்கும், பிறகு வெளியேறி உள்ளே ஓட்டை ஓட்டையாக விட்டுப் போகும். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். டீ குடிக்கும்போது விக்காவின் ஊசிக் கதையையும் சொன்னேன். சித்தாள் அம்மா ஒருவர், "ஊசி வச்சே பாலம் கட்டிட்டாரா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

முதல் இரண்டு கட்டமும் மூன்றாவதில் முக்கால்வாசியும் ஒழுங்காக முடிந்தன. கேட் ஓரம் இரண்டடி பாக்கி. இரண்டு மூட்டைக் கலவையை மெஷினிலிருந்து தகரத்தில் கொட்டியாகிவிட்டது. அப்போது மணி பன்னிரண்டே முக்கால். என் மனைவி இலை போட்டுவிட்டாள். சாம்பார், கத்தரிக்காய் வறுவல், பாயசம். காலை ஆறு மணியிலிருந்து உழைத்தவர்களை, இதைப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, எழுந்தபோது இரண்டு. மே மாத வெயிலில் கலவை விறைத்து, மண்வெட்டி இறங்கவில்லை. மேஸ்திரி ஒரு வாளி தண்ணீரை எடுத்து மேலே ஊற்றி, "இளக்கிடலாம் சார்" என்றார்.

எனக்குத் தெரியும். பிடிக்கத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு உடைத்தால் அது மறுபடி அதே பிடிப்புப் பிடிக்காது. அன்று காலைதான் அரைமணி நேரம் அதையே பேசியிருந்தேன். இரண்டு மூட்டைக் கலவையை வீசச் சொன்னால் முகம் சுருங்குமே, சாப்பாடு போட்ட கையோடு சண்டை எதற்கு என்று பேசாமல் நின்றேன். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் பழகிய பேசாமை அது. மேலதிகாரி போட்ட கூட்டல் தப்பாக இருந்தாலும் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைப்பேனே தவிர வாய் திறந்ததில்லை.

மறுநாளிலிருந்து மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பதினான்கு நாள். விடியற்காலையில் அந்தத் தண்ணீரில் தென்னை தெரியும். என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். பாத்தியை உடைத்துக் கழுவினால் இருபத்திரண்டு அடி கல்லாக நின்றது. கேட் ஓரத்து இரண்டடியில் விளக்குமாறு பட்டால் சாம்பல் பொடி எழும்பியது. சாவியால் கீறினேன், கோடு விழுந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கினால் அவள் முதல் அடி வைக்கிற இடம் அதுதான். போன வருடம் விழுந்த இடமும் அதுதான்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிமெண்டுப் பால் கரைத்து மேலே பூசிவிடலாம் என்றார். வேண்டாம், ஆறு மாதத்தில் ஓடாகப் பெயரும், இடித்துவிட்டுப் போடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்களும் பக்கத்துலதானே சார் நின்னீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிமெண்டும் ஜல்லியும் என் செலவு, கூலி அவர் பொறுப்பு என்று பேசி முடித்தோம்.

திங்கட்கிழமை வருகிறார்கள். வாளியின் உள்பக்கம் 25 லிட்டர் மட்டத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சாப்பாடு, கடைசிச் சட்டியும் கொட்டித் தேய்த்த பிறகுதான் என்று என் மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்.