வேதாளத்துக்குக் கோரைப்பல் முளைத்த கதை

பழங்காநத்தத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணி. கரண்ட் போய்விட்டது. பேரன் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறான். அப்பத்தா என்ன செய்வார்? 'இந்தா, இந்த ஒரு வாயை வாங்கிக்க. இல்லேன்னா முனி வந்து தூக்கிட்டுப் போயிரும்!' அவ்வளவுதான், கிண்ணம் காலி!

அதே பேரன் நாலு வருஷம் கழித்து ஸ்கூல் பைக்குள் ஒரு பேய் காமிக்ஸை ஒளித்துவைத்துப் படிக்கிறான். அப்பா கண்ணில் பட்டுவிட்டது. 'இதையெல்லாம் படிச்சா புத்தி கெட்டுப்போயிரும்' என்று பிடுங்கிப் பரண் மேல் எறிகிறார். அதென்ன நியாயம்? முனியை வாயால் சொன்னால் வளர்ப்பு, அதையே படம் போட்டு விற்றால் விஷமா?

சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். இதே கேள்விக்காக அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. நம் பாராளுமன்றமும் 1956-ல் ஒரு சட்டம் போட்டது! அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால், பேய்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ரத்தம் குடிக்கிற பேய் என்றதும் டிராகுலாதான் ஞாபகத்துக்கு வருகிறார், இல்லையா? பிராம் ஸ்டோக்கர் எழுதிய அந்த நாவல் வெளியானது 1897-ல். அதற்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்ம ஜெயங்கொண்டார், 'கலிங்கத்துப்பரணி'யில் ஒரு பேய்ப் பட்டாளத்தையே போர்க்களத்தில் இறக்கிவிட்டார். முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை ஜெயித்து முடித்ததும், பசியில் வாடிக் கிடந்த பேய்கள் கும்பலாக வந்து கூழ் காய்ச்சுகின்றன. செத்த வீரர்களின் பற்கள்தான் அரிசி. அவர்களுடைய கேடயம்தான் சொளகு. ரத்தமும் நிணமும் தாராளம். அடுப்பு மூட்டி, பதம் பார்த்து, பந்தி வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் ராஜாவை வாழ்த்துகின்றன! இதைப் புலவர் எழுதினார், அரசன் கேட்டு மகிழ்ந்தான், இன்றுவரை இலக்கியம் என்று படிக்கிறோம். யாருக்கும் புத்தி கெட்டதாகத் தகவல் இல்லை.

அடுத்தது வேதாளம். 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த 'கதாசரித்சாகர'த்தில் இந்தக் கதைகள் இருக்கின்றன. அங்கே வேதாளம் தொங்கிய மரம் சிம்சபா. நம் ஊருக்கு வந்ததும் அதை முருங்கை மரத்தில் ஏற்றிவிட்டோம்! சிம்சபாவுக்கு எங்கே போவது? முருங்கைதான் கொல்லைக்குக் கொல்லை நிற்கிறது.

தமிழில் இருந்த 'வேதாளக் கதை'யை 1831-ல் இங்கிலீஷில் கொண்டுபோனவர் பெஞ்சமின் கை பாபிங்டன். மெட்ராஸில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். நம் பரமார்த்த குருவையும் சீடர்களையும் 1822-லேயே இங்கிலீஷ் பேசவைத்த ஆசாமி. பிறகு ஊருக்குத் திரும்பி டாக்டராகி, தொண்டைக்குள் கண்ணாடி விட்டுக் குரல்வளையைப் பார்க்கும் கருவியை 1829-ல் செய்து காட்டினார். தொண்டை டாக்டருக்கும் வேதாளத்துக்கும் இப்படி ஒரு சிநேகம்!

பாபிங்டன் வரை வேதாளம் வேதாளமாகத்தான் இருந்தது. 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் வந்தார். சாகசக்காரர், பல மொழிகள் தெரிந்தவர். 25 வேதாளக் கதைகளில் 11-ஐ மட்டும் எடுத்து, தன் கைச்சரக்கைச் சேர்த்து, 'விக்ரமும் வாம்பயரும்' என்று தலைப்பு வைத்துவிட்டார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஐரோப்பாவில் வாம்பயர் நல்ல விலை போய்க்கொண்டிருந்தது. 1732-லேயே செர்பியப் பக்கத்துக் கல்லறைச் செய்திகள் லண்டன் பத்திரிகைகளில் வந்து அந்த வார்த்தை பரவிவிட்டது. 1819-ல் பாலிடோரி என்ற டாக்டர் எழுதிய வாம்பயர் கதை சக்கைப்போடு போட்டது. 'வேதாளம்' என்று போட்டால் எவன் வாங்குவான்?

இதில் ஒரு வேடிக்கை. ஸ்டோக்கர் லண்டனில் நாடகக் கம்பெனி மேனேஜராக இருந்தவர். பர்ட்டனை நேரில் சந்தித்திருக்கிறார். அந்தச் சந்திப்புகளைப் பற்றி 1906-ல் எழுதும்போது, பர்ட்டன் பேசுகையில் மேல் உதடு தூக்கிக்கொண்டு கோரைப்பல் கத்திபோல் மின்னியதை மறக்காமல் குறிப்பிடுகிறார்! நம் வேதாளத்துக்கு வாம்பயர் பல் கட்டிவிட்டவருடைய பல், டிராகுலாவை எழுதியவர் மனசில் அப்படிப் பதிந்திருக்கிறது.

ஆனால், வேதாளமும் வாம்பயரும் ஒரே ஜாதியே கிடையாது சார். வாம்பயர் என்பது செத்தவனே எழுந்து வருவது. வேதாளம் அடுத்தவன் பிணத்துக்குள் வாடகைக்குக் குடியிருப்பது. வாம்பயருக்கு உங்கள் ரத்தம் வேண்டும். வேதாளத்துக்கு வேண்டியது உங்கள் பதில்! விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை வெடித்துவிடும். ரத்தம் குடிக்கிற பேயைவிட யோசிக்கவைக்கிற பேய் ஆபத்தானது என்று நம் ஆட்கள் நினைத்தார்களோ என்னவோ.

சரி, இப்போது அமெரிக்காவுக்குப் போவோம்.

1950-ல் பில் கெய்ன்ஸ் என்ற இளைஞரின் ஈ.சி. கம்பெனி பேய் காமிக்ஸ் போட ஆரம்பித்தது. 'டேல்ஸ் ஃப்ரம் த க்ரிப்ட்' அதில் பிரபலம். அழுகிய பிணம் கல்லறையிலிருந்து எழுந்து வந்து தன்னைக் கொன்றவனைப் பழிவாங்கும். பசங்கள் காசைக் கொட்டி வாங்கினார்கள். பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தச் சமயத்தில்தான் ஃப்ரெடரிக் வெர்தாம் என்ற மனநல டாக்டர் 1954-ல் ஒரு புத்தகம் போட்டார். குழந்தைகள் குற்றவாளிகளாவதற்குக் காமிக்ஸ் ஒரு பெரிய காரணம், நான் சிகிச்சை கொடுத்த சிறுவர்களே சாட்சி என்றார்.

இவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக 1946-ல் மனநல க்ளினிக் திறந்தவர். பள்ளிக்கூடத்தில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்கார வைப்பது குழந்தை மனதைக் காயப்படுத்தும் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர். நல்ல மனிதர். அதனால்தான் அவர் பேச்சு எடுபட்டது.

1954 ஏப்ரல் 21. செனட் கமிட்டி முன்னால் கெய்ன்ஸ் உட்கார்ந்திருக்கிறார். ஒரு செனட்டர் காமிக்ஸ் அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். ஒரு கையில் கோடரி, மறு கையில் வெட்டிய பெண் தலை! 'இது நல்ல ரசனையா?' என்று கேட்கிறார். 'திகில் காமிக்ஸுக்கு ஆமாம். தலையை இன்னும் கொஞ்சம் தூக்கி, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் மோசமான ரசனை' என்று விளக்கம் கொடுத்தார் கெய்ன்ஸ். முடிந்தது கதை! அந்தப் பதில் மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.

அரசாங்கம் கத்தியைத் தூக்குமுன் பதிப்பாளர்களே கூடி, அதே வருஷம் ஒரு விதித்தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். வாம்பயர் கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, நடமாடும் பிணம் கூடாது. தலைப்பில் 'ஹாரர்' என்ற வார்த்தையே கூடாது! கெய்ன்ஸின் பேய்களெல்லாம் ஒரே அடியில் காலி. அவரிடம் மிஞ்சியது 'மேட்' என்ற நையாண்டிப் பத்திரிகை மட்டும்தான்.

அதே 1954, செப்டம்பர் மாதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். சாயங்காலம் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் கையில் கத்தி, கம்போடு நுழைந்துவிட்டார்கள். நாலைந்து வயது வாண்டுகள்கூட உண்டு! விஷயம் என்ன? ஏழடி உயரம், இரும்புப் பல் கொண்ட ஒரு வாம்பயர் இரண்டு பையன்களைக் கொன்றுவிட்டதாம், அதைத் தேடுகிறார்களாம். போலீஸ் விசாரித்தால், ஊரில் எந்தப் பையனும் காணாமல் போகவில்லை. 'எல்லாம் அமெரிக்கக் காமிக்ஸால் வந்த வினை' என்று கூக்குரல் எழுந்தது. 1955-ல் பிரிட்டன் பாராளுமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆனால், தூங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற 'இரும்புப் பல் ஜென்னி' என்ற பூச்சாண்டி, காமிக்ஸ் பிறப்பதற்கு முன்பே ஸ்காட்லாந்துப் பாட்டிகளிடம் இருந்தாள். நம்ம அப்பத்தாவின் முனி மாதிரிதான். பாட்டியின் மேல் யாராவது கேஸ் போட முடியுமா? காமிக்ஸ் மேல் போட்டார்கள்.

லண்டனைப் பார்த்து டெல்லியும் 1956-ல் சிறுவர்களுக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றிய சட்டத்தைக் கொண்டுவந்தது. குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பு இவற்றைச் சித்திரித்து, மொத்தத்தில் இளம் மனதைக் கெடுக்கும் தன்மை கொண்ட புத்தகத்தை விற்றால் ஆறு மாதம் வரை ஜெயில். 'இளையோர்' என்றால் இருபது வயதுக்குக் கீழ்! அதாவது, காலேஜ் படிக்கிற பையனுக்குப் பேய் காமிக்ஸ் விற்றாலும் சிக்கல் வரலாம். பரணிப் பேய்கள் பாடப்புத்தகத்தில் இருந்ததால் தப்பித்தன போலும்.

நம் பிள்ளைகள் அதற்காகப் பேயில்லாமல் வளரவில்லை. 1947-ல் ஆரம்பித்த 'அம்புலிமாமா'வில் விக்கிரமாதித்தன் மாதாமாதம் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடந்தான். அந்தத் தொடர் தொடங்குகிற வரியை நான் சொல்லவே வேண்டாம், நீங்களே ஒப்பிப்பீர்கள். உருவிய வாள், தோளில் வெள்ளைப் பிணம், பின்னால் மண்டையோடுகள். 1950-களில் அங்கே சேர்ந்து, 2020-ல் மறைந்த ஓவியர் சங்கர் வரைந்த படம். யோசித்துப் பாருங்கள், நடமாடுகிற பிணம்! அமெரிக்காவில் விதித்தொகுப்பு அனுமதித்திருக்காது. இங்கே அம்மாக்களே வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு சிவகாசி. 1972-ல் 'முத்து காமிக்ஸ்' முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. கிளாஸ்கோவுக்கு இரும்புப் பல் என்றால் நமக்கு இரும்புக் கை! மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் பிரிட்டிஷ் கதை அது. அமெரிக்காவின் 'ஃபேண்டம்' இங்கே 'வேதாளர்' ஆனார். பர்ட்டன் வேதாளத்தை வாம்பயராக்கினார், நாம் முகமூடி வீரரை வேதாளமாக்கிக் கணக்குத் தீர்த்துக்கொண்டோம்! 1984-ல் 'லயன்', 'ராணி' இரண்டும் வந்தன. லயன்காரர்களே 1986-ல் 'திகில் காமிக்ஸ்' என்றே பெயர் வைத்து ஒன்று கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் தலைப்பில் வைக்கக்கூடாது என்ற அதே வார்த்தை! மாட்டுத்தாவணி வருவதற்கு முன், தெற்கே போகிற பஸ்கள் கிளம்பிய பழங்காநத்தம் ஸ்டாண்டு மாதிரி இடங்களில், பெட்டிக்கடைக் கயிற்றில் இவை கிளிப் மாட்டித் தொங்கும். 'ராணி காமிக்ஸ்' 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்துவும் இன்றைக்கும் சிவகாசியிலிருந்து வருகின்றன.

இப்படிப் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? ஓர் உதாரணம். ஈ.சி. காமிக்ஸை வளைத்து வளைத்துப் படித்த ஓர் அமெரிக்கப் பையன், அம்புலிமாமா பிறந்த அதே 1947-ல் பிறந்தவன், பின்னாளில் ஸ்டீஃபன் கிங் ஆனான். டிராகுலா நம் காலத்தில் அமெரிக்கச் சிற்றூருக்கு வந்தால் என்ன ஆகும் என்று 1975-ல் ஒரு நாவல் எழுதினார். காதலில் உருகிக் கண்ணீர் விடுகிற அழகு வாம்பயர்களை அவருக்குப் பிடிக்காது. வாம்பயர் என்றால் கொலைகாரன், பயமாக இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. 2010-ல் தானே ஒரு வாம்பயர் காமிக்ஸுக்குக் கதை எழுதியபோதும் இதைத்தான் சொன்னார். கற்பனைப் பயத்தைப் பழகிக்கொள்வது நிஜப் பயத்தைத் தாங்குவதற்கு உதவும் என்பது அவர் வாதம். மதுரையில் வாழ்ந்து 2024-ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' சன் டிவியில் வந்தபோது, தலையணையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று புரியும்.

டாக்டர் வெர்தாம் என்ன ஆனார் என்கிறீர்களா? அமெரிக்க விதித்தொகுப்பு 1971-ல் தளர்ந்து வாம்பயரை உள்ளே விட்டது. மறுவருஷமே டிராகுலா பெயரில் மார்வல் காமிக்ஸ் வந்தது. 2011-ல் விதித்தொகுப்பே செத்துப்போனது. வெர்தாமின் சொந்தக் குறிப்பேடுகள் 2010-ல் ஆராய்ச்சிக்குத் திறக்கப்பட்டன. கேரல் டில்லி என்ற பேராசிரியை அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, 2012-ல் முடிவை வெளியிட்டார். சிறுவர்களின் வயதை டாக்டர் மாற்றியிருக்கிறார். ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொன்னதாக எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளைப் பாதித்த வேறு காரணங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. புத்தகத்தில் காமிக்ஸ் மட்டும்தான் இருக்கிறது!

எனக்கு இதில்தான் உறைக்கிறது. அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்து தங்கள் நிஜப் பயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனசுக்காரரான ஒரு டாக்டர் அதையெல்லாம் கேட்டு எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால், அவருக்கு ஏற்கெனவே ஒரு பேய் பிடித்திருந்தது. அதனால் வேறு எதுவும் காதில் ஏறவில்லை. எல்லாக் கதையும் எல்லாக் குழந்தைக்கும் ஆகாதுதான். எதை எந்த வயதில் கொடுப்பது என்பதைப் பார்க்கத்தான் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால், புத்தகத்தைப் பிடுங்குவதற்கு ஒரு நிமிஷம் போதும். 'என்னடா கதை, எங்கே பயந்தே?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு சாயங்காலமாவது வேண்டும்.

வேதாளக் கதையின் முடிவு ஞாபகமிருக்கிறதா? தினம் ஒரு பழம் கொண்டுவந்து கொடுத்து, ராஜாவிடம் பிணத்தைத் தூக்கிவரச் சொன்ன சந்நியாசிதான் அவனைப் பலி கொடுக்கத் திட்டம் போட்டவன். அந்த ஆளை நம்பாதே என்று கடைசியில் எச்சரித்து ராஜாவின் உயிரைக் காப்பாற்றியது, வழியெல்லாம் பயமுறுத்திக்கொண்டே வந்த பேய்!