முதுகுவலிதானேன்னு விட்டுடாதீங்க... மல்டிபிள் மைலோமா சிகிச்சை நிஜத்தில் எப்படி நடக்குது?

2021 ஏப்ரலில், நடிகையும் அப்போதைய சண்டிகர் எம்.பி-யுமான கிரோன் கேருக்கு மல்டிபிள் மைலோமா என்ற செய்தி வந்தபோதுதான் நம்மில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டோம்.

இது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் ரத்தப் புற்றுநோய். கிருமிகளை எதிர்க்க வேண்டிய இந்த செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, எதற்கும் உதவாத புரதத்தைக் கொட்டும். விளைவு... எலும்பு அரிக்கும், கிட்னி பழுதாகும், ரத்தம் குறையும், கால்சியம் ஏறும்.

ஏன் லேட்டா தெரியுது?

அப்பாவுக்கு முதுகு வலிச்சா 'டிஸ்க் பிராப்ளம்'னுதான் நினைப்போம். தைலம், மாத்திரைன்னு மாசங்கள் ஓடிடும். மேலை நாடுகளில் 70 வயதையொட்டிக் கண்டறியப்படும் இந்த நோய், இந்தியாவில் சுமார் பத்து வருஷம் முன்னாடியே வருது. அதாவது, குடும்பத்துக்காகச் சம்பாதிக்கிற வயசு!

தீராத முதுகுவலியோடு ரத்தசோகையும் இருந்தா, கிரியாட்டினினும் ஏறியிருந்தா, 'எலக்ட்ரோபோரெசிஸ்' ரத்தப் பரிசோதனை தேவையான்னு டாக்டரிடம் கேளுங்க. கடையில் நீங்களே வாங்கும் வலி மாத்திரை, கிட்னியை இன்னும் கெடுக்கலாம்.

புத்தகத்தில் ஒண்ணு, நிஜத்தில் ஒண்ணு

போர்டிசோமிப் ஊசி, லெனாலிடோமைட் கேப்ஸ்யூல், டெக்ஸாமெத்தசோன் மாத்திரை... இந்த மூணும் சேர்ந்ததுதான் பரவலான முதல்கட்ட சிகிச்சை. உடம்பு தாங்குறவங்களுக்கு அடுத்து, அவங்களோட சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருப்பிச் செலுத்தும் மாற்று சிகிச்சை.

ஆனா, மருந்து ஆய்வுகளுக்கு ஓரளவு ஆரோக்கியமான நோயாளிகளைத்தான் எடுப்பாங்க. ஓ.பி-க்கு வருபவர்கள் அப்படியில்லை. கிட்னி பழுதானவருக்கு லெனாலிடோமைடுக்குப் பதில் சைக்ளோபாஸ்பமைட் கொடுப்பாங்க. வாரம் ரெண்டு ஊசி, ஒண்ணாகும். வயசானவருக்கு டோஸ் குறையும். செலவுக்கும் பயத்துக்கும் மாற்று சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. டாராடுமுமாப் போன்ற புது மருந்துகள் பலருக்கு எட்டாத விலை.

கைகொடுத்த பழைய வில்லன்

கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்ததால் 1960-களின் தொடக்கத்தில் விலக்கப்பட்ட தாலிடோமைட், 1999-ல் மைலோமா மருந்தாகத் திரும்பி வந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் இந்திய வம்சாவளி டாக்டர் சீமா சிங்கால். 2019-ல் தாலிடோமைட், லெனாலிடோமைட், போர்டிசோமிப் மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. இந்தியாவில் இவற்றின் ஜெனரிக் மருந்துகள் கிடைப்பது பெரிய ஆறுதல்.

பஸ் டிக்கெட்டும் சிகிச்சைதான்!

நோணாங்குப்பத்திலிருந்து ஜிப்மர் போகணும்னா, கடலூர் சாலையில் பஸ் பிடித்து, நகரத்தைக் கடந்து, மறுகோடியில் இருக்கும் கோரிமேட்டுக்குப் போகணும். வாராவாரம் ஊசின்னா, கூடப் போகிறவருக்கும் ஒரு நாள் சம்பளம் போச்சு. சிகிச்சை பாதியில் நிற்க இதுவும் ஒரு காரணம். அதனால...

* காப்பீட்டு அட்டையில் எந்தெந்த மருந்து அடங்கும்னு முதல் நாளே கேளுங்க.
* ஊசி தேதிகளை போனில் ரிமைண்டர் போடுங்க. வீட்டில் யார் எந்த வாரம் கூடப் போறதுன்னு பிரிச்சுக்கோங்க.
* கை, கால் மரத்துப்போனா மறைக்காம சொல்லுங்க; டோஸை மாற்ற முடியும்.
* காய்ச்சல் வந்தா காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி!

மைலோமாவை முழுசா குணப்படுத்துவது இன்னும் கஷ்டம். ஆனா, சிகிச்சையை விடாமல் எடுப்பவர்கள் பல வருஷங்கள் நல்லபடியா வாழுறாங்க. அந்த 'விடாமல்' என்பதில்தான் உங்க பங்கு இருக்கு.