தோட்டப் பள்ளியும் கணக்குக் கல்வியும்

கோலாசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே எண்ணெய்ப்பனையை நட்டார். மலாயாவில் அதனை வாணிகப் பயிராக்கிய முதல் முயற்சி அதுவே. அப்பெருவாணிகத்துக்கு உழைத்த தமிழரின் பிள்ளைகள் வாணிகம் கற்றனரா?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டுமென விதித்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். எழுத்தும் வாய்ப்பாடும் கிடைத்தன; பேரேடும் பங்கும் பெரும்பாலும் எட்டவில்லை.

இக்குறையின் விலை பின்னரே தெரிந்தது. 1950-களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையும் வீடும் இழந்தனர். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் உங்கு அசீஸ் அத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பால்மரம் வெட்டியவர் பங்குதாரரானார்.

பங்குதாரருக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா? வாணிகப் பாடத்திட்டம் போதுமா என்று விரிவுரையாளர்கள் ஆராய்வது முறையே. ஆயினும் உரைகல் வேறிடத்தில் உள்ளது. சங்கக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையைப் பெறும் தொழிலாளி, தானே படித்து எழுந்து கேள்வி கேட்கிறாரா என்பதே அது.