வழியை மறிப்பவர்களும் குறித்து வைப்பவர்களும்

பொதுத்தெருவில் யார் நடக்கலாம் என்ற கேள்விக்குச் சென்னை மாகாணத்தில் 1924-லேயே பதில் எழுதியாகிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று இரட்டைமலை சீனிவாசன் மாகாண சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது.

நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் செருப்பைக் கையில் எடுக்க வேண்டிய தெரு எது, பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாத பாதை எது என்று சேரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. அரசாணை தாளில் இருக்கிறது, தடை தெருவில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, என்ன நடந்தது என்று குறித்து வைத்தவர்களின் வரலாற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

நெய்வேலியில் இருந்து இதை எழுதுகிறோம். இங்கே நகரியத்துச் சாலைகள் அகலமானவை, நேரானவை. வட்டத்தின் எண்ணைச் சொன்னால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார். சுரங்க வாசலில் பாஸ் காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது, யார் தடுத்தார், எந்த விதியின்படி தடுத்தார் என்று கேட்கலாம். ஆனால் வட்டத்துச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகிய பிள்ளை பாட்டி ஊருக்குப் போனால், எந்தத் தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தத் தெருமுனையில் பலகை இல்லை, காவலர் இல்லை. இருந்தும் அது சோதனைச்சாவடிதான்.

நம் மாவட்டத்துக்கு இதில் நீண்ட நினைவு உண்டு. பெரியபுராணம் சொல்லும் நந்தனாரின் இன்னொரு பெயர் திருநாளைப்போவார். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர் அது. போன பிறகும் அவர் ஊருக்குள் நுழையவில்லை, எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்கிறது அந்தக் கதை. திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று தரிசிக்க நந்தி விலகிக்கொடுத்தது, தில்லையிலோ தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் வழி கிடைத்தது. இதை நாம் பக்திக் கதையாகக் கேட்டு வளர்ந்தோம். நடமாட்டத் தடை பற்றிய பழைய பதிவாகவும் வாசிக்கலாம். கல் நந்தி விலகிய கதையில் மனிதர்கள் விலகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வைக்கத்துத் தடுப்பு

சீனிவாசன் சென்னையில் தீர்மானம் கொண்டுவந்த அதே 1924-இல், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில் தடை வெளிப்படையாகவே இருந்தது. மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தீண்டல் பலகைகள் நின்றன, அதைத் தாண்டி ஈழவரும் புலையரும் போகக் கூடாது. மார்ச் 30 அன்று குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் ஆகிய மூன்று தொண்டர்கள் அந்தப் பலகையை நோக்கி நடந்து கைதானார்கள். ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். பிறகும் தொண்டர்கள் அணி அணியாக வந்தார்கள். ஏப்ரலில் பெரியார் போய்ச் சேர்ந்தார், இருமுறை சிறைப்பட்டார். கைது செய்து மாளாத அரசு, தெருவின் குறுக்கே தடுப்பு கட்டிக் காவலரை நிறுத்தியது. தொண்டர்கள் அந்தத் தடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டின் பெருவெள்ளத்தில் தெருவில் தண்ணீர் ஏறியபோதும் தண்ணீருக்குள் நின்றார்கள்.

நாள்தோறும் அங்கே நின்றதால் என்ன நடந்தது? பழக்கம், வழக்கம், ஊர்க்கட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, இன்ன தேதியில் இன்னாரை இந்த இடத்தில் அரசு தடுத்தது என்ற செய்தியாக மாறியது. பத்திரிகைகள் எழுதின, சமஸ்தானம் பதில் சொல்ல வேண்டி வந்தது.

முடிவையும் மறக்கக் கூடாது. 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது திறந்தவை மூன்று பக்கத் தெருக்கள் மட்டுமே. கிழக்குத் தெருவுக்கு 1936-இன் ஆலய நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதி வழியைத் திறந்துவிட்டு வெற்றி என்று சொல்லும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

மகாராட்டிரத்திலும் இதே பாடம்தான். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் அதை ஏற்றது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளும்வரை அந்தத் தீர்மானம் நனையவே இல்லை. அதன்பிறகும் வழக்கு நடந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் 1937-இல்தான் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

உத்தபுரத்துச் சுவர்

மதுரை மாவட்டம் எழுமலை அருகே உள்ள உத்தபுரத்தில் 1989 சாதி மோதலுக்குப் பிறகு ஒரு சுவர் எழுந்தது. ஏறத்தாழ 600 மீட்டர் நீளம். தலித் மக்கள் பொதுப்பாதைக்கு வர முடியாதபடி மறித்து நின்றது. அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் சுவரைப் பார்த்தே வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள். வருவாய்த்துறைக்கும் காவல்துறைக்கும் தெரியாத சுவர் அல்ல அது. பத்தொன்பது ஆண்டுகள் எல்லோருக்கும் தெரிந்தே நின்றது.

2008-இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று தீண்டாமை வடிவங்களைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில்தான் உத்தபுரம் வெளி உலகுக்கு வந்தது. அந்த ஏப்ரலில் சுவர்மேல் மின்கம்பி ஓடியது நாளிதழ்களில் வெளியானதும் நாடே திரும்பிப் பார்த்தது. மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரில் 15 அடியை இடித்தது.

600 மீட்டரில் 15 அடி! அந்த 15 அடிக்காகவே பல சாதி இந்துக் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. அதே ஆண்டில் மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2011 நவம்பர் வரை ஆனது. இடித்த நாளின் படம் எல்லோரிடமும் இருக்கிறது. இடித்ததற்கு மறுநாள் அந்த வழியில் யார் நடந்தார், யார் நடக்க அஞ்சினார் என்ற குறிப்புதான் நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் மறித்ததால், தலித் மக்கள் ஓர் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். கைப்பேசியில் எடுத்த காணொளி பரவிய பிறகு சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. நிர்வாகம் தனிச் சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கியது. அப்படித் தனி இடம் கொடுப்பதே சாதிப் பிரிவினையை ஊக்குவிப்பது ஆகாதா என்று நீதிமன்றம் கேட்டது. மறித்த வழியைத் திறப்பதற்குப் பதிலாக வேறு இடத்தைக் காட்டுவது நிர்வாகங்களுக்கு எளிதாக இருக்கிறது. நம் குறிப்பேட்டில் இதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

காவலரே மறிக்கும்போது

சில இடங்களில் சீருடையே வழியை மறிக்கிறது. 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடிக்கு வந்துகொண்டிருந்த ஜான் பாண்டியனைக் காவல்துறை வழியிலேயே கைது செய்தது. அதைக் கண்டித்து ஐந்துமுனைச் சந்திப்பில் மறியல் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். அதன்பிறகு நினைவு நாள் வந்தாலே இராமநாதபுரம் மாவட்டத்தில் தடையுத்தரவு, வாகனக் கட்டுப்பாடு, சோதனைச்சாவடி.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட மக்களில் மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியது. உடனே ஊரைச் சுற்றிச் சாவடி போட்டு, வெளியாட்கள் உள்ளே போவதைத் தடுத்தார்கள். பாதுகாப்பு என்று பெயர். யாரை யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்று கேட்க ஆள் போக முடியவில்லை.

இப்படிக் கேட்கப் போகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பாலஸ்தீனத்தின் மேற்குக்கரையில் இராணுவச் சாவடி, இரும்புக்கதவு, மண்மேடு என்று 800-க்கும் மேற்பட்ட தடைகளை ஐ.நா. அலுவலகம் 2025 தொடக்கத்தில் கணக்கிட்டது. அங்கே 2001 முதல் மக்சோம் வாட்ச் என்ற அமைப்பைச் சேர்ந்த இஸ்ரேலியப் பெண்கள் சாவடிகளுக்குப் போய் நிற்கிறார்கள். எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், எவ்வளவு நேரம், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதி வெளியிடுகிறார்கள். ஆக்கிரமிக்கும் நாட்டின் குடிமக்களே தம் இராணுவத்தைக் கண்காணிக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இங்கே ஊர்த்தெருவில் பிறந்தவர்களில் எத்தனை பேர் தம் தெருமுனையில் நின்று இப்படிக் குறிப்பெடுத்திருக்கிறார்கள்?

இரண்டும் ஒன்றல்ல. அங்கே அந்நிய இராணுவம், இங்கே பக்கத்துத் தெரு. அங்கே தடுப்பவனுக்கு மேலதிகாரி உண்டு, உத்தரவு உண்டு. இங்கே தடுப்பவர் மாலையில் நம்மோடு அதே பேருந்தில் வருகிறார். அதனால்தான் இங்கே எழுதி வைப்பது இன்னும் கடினம், இன்னும் அவசியம்.

குறிப்பேட்டில் என்ன எழுதுவது

தோழர்களே, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 15, 17, 19 ஆம் பிரிவுகள் இருக்கின்றன. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொதுவழியிலும் சுடுகாட்டிலும் தடுப்பதையும், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவும் செருப்பு அணியவும் தடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. ஆனால் நீதிமன்றத்தில் "எப்போதும் இப்படித்தான்" என்பது சாட்சியம் ஆகாது. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் யார் என்பதுதான் சாட்சியம்.

ஆகவே நாம் எழுத வேண்டியவை எளியவை. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தனித்தனியாக எழுதுவோம். சொன்னதைச் சொன்னபடியே எழுதுவோம், நம் கோபத்தை அதில் கலக்க வேண்டாம். ஊரில் தொடர்ந்து வாழப்போகிறவர்கள் அவர்கள்தான் என்பதால், அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயரையோ படத்தையோ வெளியிட மாட்டோம். அதிகாரி வந்து சமாதானக் கூட்டம் நடத்தினால், என்ன முடிவானது, எந்த வழி திறந்தது, எது திறக்கவில்லை என்று குறிப்போம். ஒரு மாதம் கழித்து மீண்டும் போய்ப் பார்ப்போம்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்று 1995-இன் விதிகள் சொல்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது, எந்தெந்த ஊரின் பாதைப் பிரச்சினை பேசப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் நம் குறிப்பேட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டும் பொருந்தாத ஊர்களின் பட்டியலோடு, பாதிக்கப்பட்ட மக்களையும் அழைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம்.

ஜெய்பீம்!